நேராக ஓட்டத் தெரியாத மாமாவும் ஒரு தீவும்

"மச்சான், தீவுல ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ஓட்டறது சேப்டியா?"

என் அக்காவின் கணவர் இதைக் கேட்டபோது நான் கடலூர் முதுநகரில், வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில், ஒரு ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். மத்தியான நேரம். மாமா சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். குரல் கிசுகிசுவென்று வந்தது. பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம். ஸ்டாஃப் பாத்ரூமில் நின்று பேசுகிறார் என்று தெரிந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒளியின் வேகம் சொல்லிக் கொடுக்கிற மனிதர், பாத்ரூமில் ஒளிந்துகொண்டு, பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட என்னிடம் சந்தேகம் கேட்கிறார். இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்திருந்தால் என்னுடைய பழைய பிசிக்ஸ் வாத்தியாரையும் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன்.

"எந்தத் தீவு மாமா?"

"இலங்கைதான். கப்பல்ல போறோம்ல. ரெண்டாவது நாள் காலைல எறக்கி வுடுவாங்களாம். சாயங்காலம் நாலு மணிக்குள்ள திரும்பி ஏறிடணும். நடுவுல சுத்திப் பாக்க ஸ்கூட்டர் எடுக்கலாம்னு உங்க அக்கா சொல்றா."

"சொன்னா எடுங்க."

"அதான் சேப்டியான்னு கேக்கறேன்."

"ஸ்கூட்டர் சேப்டிதான் மாமா. அது மேல யாரு ஒக்காரப் போறாங்கன்றதுதான் கேள்வி."

அந்தப் பக்கம் குழாயை இறுக்கி மூடுகிற சத்தம் கேட்டது.

அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல்யாணம் முடிந்த வாரமே பள்ளியில் பரீட்சை வேலை வந்துவிட்டதால், தேன்நிலவு பிச்சாவரத்தில் ஒரு மணி நேரப் படகு சவாரியோடு முடிந்தது. "மீன்புடிக்கிறவன் பொண்ண தேன்நிலவுக்குப் படகுல கூட்டிக்கினு போன ஒரே மாப்ள நம்ம மாப்ளதான்" என்று அப்பா அப்போதே சொன்னார். அந்தக் குறையைத் தீர்க்க மாமா இப்போது கப்பலுக்குப் பதிவு செய்திருந்தார். சென்னையில் ஏறி, இலங்கையைத் தொட்டுவிட்டு, சென்னையிலேயே இறங்குகிற நாலு நாள் பயணம்.

எங்கள் வீட்டில் இந்தச் செய்தி வந்ததும் பெரிய விவாதம் நடந்தது. தினமும் விடியற்காலையில் ஒரு ஃபைபர் படகில், பனியனும் டவுசருமாகக் கடலுக்குள் போய்விட்டு வருகிற அப்பா, "அந்தக் கப்பல்ல லைஃப் ஜாக்கெட்டு எல்லாம் சரியா இருக்குமா, விசாரிச்சியாடா?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய லைஃப் ஜாக்கெட் எங்கள் வீட்டுப் பரணில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது.

கப்பலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் கவலைப்பட்டது மாமாவைப் பற்றி. ஏனென்றால் மாமாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இந்த விஷயம் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று மாமா. இன்னொன்று நான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாமாவின் அம்மா எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, "எங்க புள்ளைக்கு பைக்குன்னா உசுரு. இதுவரைக்கும் ஒண்ணு வாங்கித் தரலியேன்னுதான் எங்களுக்குக் கொறை" என்றார். இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். சீர்வரிசையில் கட்டில், பீரோவோடு ஒரு கறுப்பு பைக்கும் சேர்ந்தது. நான்தான் அதைக் கடலூர் ஷோரூமிலிருந்து எடுத்து, மாலை போட்டு, சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் இருக்கிற அவர் வீட்டு வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் விட்டேன்.

மாமா அந்த பைக்கை ஒரு நீலத் தார்ப்பாயால் மூடி வைத்தார். ஸ்கூலுக்கு நடந்தே போனார். கடைக்கு நடந்தே போனார். யாராவது கேட்டால், "நடந்தா சுகர் வராது" என்பார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற நான் சிதம்பரம் போவேன். இரண்டாவது தடவை போனபோது மீட்டரைப் பார்த்தேன். நாற்பத்தொன்பது கிலோமீட்டர். ஷோரூமிலிருந்து அவர் வாசலுக்கு நான் ஓட்டியதே நாற்பத்தேழு. மீதி இரண்டும் ஆயில் மாற்றிய பிறகு நானே தெருவைச் சுற்றிப் பார்த்தது.

"இன்னா மாமா, வண்டி வாசனை புடிக்கவா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். மனிதர் என் கையைப் பிடித்து நேராகப் பரோட்டாக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே எல்லாவற்றையும் சொன்னார். லைசென்ஸ் இருக்கிறது. காலேஜ் முடித்த வருடம் எடுத்தது. டெஸ்டுக்கு எட்டு போடச் சொல்வார்கள் என்பதால், ஒரு மைதானத்தில் ஒரு மாதம் எட்டு மட்டுமே போட்டுப் பழகியிருக்கிறார், பரீட்சையில் வரும் கேள்வியை மட்டும் மனப்பாடம் பண்ணுகிற பையன் மாதிரி. எட்டை அற்புதமாகப் போட்டு லைசென்ஸும் வாங்கிவிட்டார். முதல் நாள் ரோட்டுக்கு வந்தார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. வண்டியை அங்கேயே கீழே போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தவர்தான். பத்து வருடமாக நடந்துகொண்டிருக்கிறார்.

இதை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று இரண்டாவது பரோட்டாவில் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவும் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் பதினாலு வயதிலிருந்து அப்பாவின் மொபட்டை ஓட்டுகிறவள். டீசல் கேனை முன்னால் வைத்து, மீன் கூடையைப் பின்னால் கட்டி, துறைமுகத்து ஏலத்துக்கு நேரம் தவறாமல் கொண்டு சேர்ப்பாள். அவள் வருகிறாள் என்றால் நாய்கூட ஒதுங்கும். ஆனால், ஊரைச் சுற்றுகிற பெண்ணென்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். பெண் பார்க்க வந்தவர்களிடம், "வண்டியா? எங்க பொண்ணு சைக்கிள் கேரியர்ல ஒக்காரவே கண்ண மூடிக்குவா" என்று சொல்லிவிட்டார். கூடத்தில் அம்மா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் கொல்லையில் மொபட்டின் மேல் பழைய வலையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தேன்.

இப்படியாக, ஓட்டத் தெரிந்தவள் தெரியாதவளாகவும், ஓட்டத் தெரியாதவர் தெரிந்தவராகவும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தினார்கள். எனக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. மாமா பரோட்டா வாங்கித் தந்தார், அக்கா தீபாவளிக்கு ஒரு சட்டைக்கு இரண்டு சட்டை எடுத்தாள். இரண்டு பக்கமும் வாடகை வருகிற வீடு மாதிரி இருந்தேன்.

தீவு வந்துதான் கெடுத்தது. அக்கா போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். கடலோர ரோட்டில் புருஷன் ஸ்கூட்டர் ஓட்டுகிறான், பின்னால் பெண்டாட்டி, முடி பறக்கிறது. "நாமளும் இதே மாதிரி போலாங்க" என்று கேட்டாள். அந்த இடத்தில் எந்தப் புருஷனும் செய்கிறதையே மாமாவும் செய்தார். தலையாட்டிவிட்டார்.

நான் முன்பு ஒரு வருடம் புதுச்சேரியில் வாடகை ஸ்கூட்டர் கடை ஒன்றில் இருந்தவன். அந்தத் தொழிலின் உள்ளும் புறமும் தெரியும். வருகிறவர்கள் முதலில் கலர் பார்ப்பார்கள். அப்புறம் கண்ணாடியில் முகம் பார்ப்பார்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். எங்கள் கடையில் ஒரு சிவப்பு ஸ்கூட்டரின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. அந்தக் கீறலைப் போட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வண்டியை எடுத்துப் போய்த் திரும்பிய ஒவ்வொருவரும் அது தாங்கள் போட்டதுதான் என்று வருத்தப்பட்டு, மன்னிப்பும் கேட்டு, ரிப்பேருக்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதலாளி அந்தக் கீறலைக் கடைசி வரைக்கும் சரி பண்ணவே இல்லை.

அந்த வாரமே சிதம்பரம் போய், பரோட்டாக் கடையில் வைத்து இதையெல்லாம் மாமாவுக்குச் சொன்னேன். எடுக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுக்கணும். ரெண்டு பிரேக்கையும் பிடித்துத் தள்ளிப் பார்க்கணும். ஹெல்மெட்டின் வார் மாட்டுதா பார்க்கணும். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்கக் கூடாது. வண்டி வழியில் நின்றால் கப்பல் காத்திருக்காது. மாமா ஒரு நோட்டில் மார்ஜின் போட்டு எழுதிக்கொண்டார். "கப்பல் காத்திருக்காது" என்பதற்குச் சிவப்புப் பேனாவில் அடிக்கோடு. எழுதி முடித்து, முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தார்.

"எல்லாம் சரி மச்சான். இதுல ஓட்டறது எப்படின்னு ஒண்ணுமே வரலியே?"

பயணத்துக்கு நாலு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. சிதம்பரத்தில் பழக முடியாது. நாலு வீதியிலும் அவர் ஸ்டூடண்ட்ஸ். அதனால் குடிகாடு என்று முடிவானது. சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ் ரோட்டிலேயே இருக்கிற ஊர். பக்கத்தில் கெமிக்கல் கம்பெனிகள் நிறைந்த தொழிற்பேட்டை. டேங்கர் லாரிகளுக்காகப் போட்ட அகலமான உள் ரோடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும். மாமா வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார். நான் ஒர்க்‌ஷாப்பில் விற்பனைக்கு நிற்கிற ஒரு பழைய ஸ்கூட்டரைக் கேட்டு எடுத்து வருவேன்.

முதல் ஞாயிறு மாமா வந்து இறங்கியபோது ஹெல்மெட், முழங்கால் கவசம், முழங்கை கவசம் எல்லாம் கட்டியிருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"இந்த கெட்டப்புலயா மாமா டிக்கெட் எடுத்தீங்க?"

"எறங்கற எடத்துல கட்டுனா லேட் ஆவும்ல."

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவ்வளவு அகலமான ரோட்டில், அழகாக, ஒரு காலும் தரையில் படாமல், ஒரு எட்டு போட்டார். நான் கை தட்டினேன். உடனே இன்னொன்று போட்டார். மூன்றாவதும் போட்டார்.

"போதும் மாமா, எனக்குத் தலை சுத்துது. இப்ப நேரா போங்க."

"நேரான்னா?"

"நேரான்னா நேராதான். அந்த கம்பெனி கேட்டு வரைக்கும்."

நேராகப் போகச் சொன்னதும் வண்டி ஆடியது. ஹேண்டில்பார் இடது பக்கம் போனது, வலது பக்கம் போனது, கடைசியில் மனம் கேட்காமல் மறுபடியும் வளைந்து எட்டாகவே முடிந்தது. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. மாமா இறங்கி வந்து, சக்கரம் சுற்றும்போது அது ஏன் விழாமல் நிற்கிறது என்று கால்மணி நேரம் எனக்கு விளக்கினார். மணலில் படம் போட்டு அம்புக்குறிகூடக் காட்டினார். நன்றாகத்தான் புரிந்தது. எனக்கு இப்படி ஒரு வாத்தியார் கிடைத்திருந்தால் நான் பள்ளிக்கூடத்தை விட்டிருக்க மாட்டேன் என்று நினைத்தேன். விளக்கி முடித்துவிட்டு மறுபடி ஏறினார். ஏறின இடத்திலேயே விழுந்தார்.

இரண்டாவது ஞாயிறு பிரேக்குக்கும் ஹாரனுக்கும் குழப்பம். ஒரு எருமை குறுக்கே வந்தது. மாமா ஹாரனை அழுத்தினார். எருமை நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை. நான் ஓடிப் போய்க் கேரியரைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"பயந்தா பிரேக்குல கைய வெய்யுங்க மாமா. எருமைக்கு ஹாரன் அடிச்சா அதுக்குத் தெரியும், ஸ்கூட்டருக்கு எப்படித் தெரியும்?"

"மனசுல பிரேக்தான் மச்சான் புடிச்சேன். கைக்குப் போயி சேரல."

மூன்றாவது ஞாயிறு ஒரு அதிசயம் நடந்தது. மாமா நேராகப் போனார். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கம்பெனி கேட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். முகமெல்லாம் பல். "ஒக்காரு மச்சான் பின்னாடி. டபுள்ஸ் ஓட்டிப் பாக்கறேன். அவ ஒக்காரப் போறால்ல" என்றார். நானும் உட்கார்ந்தேன்.

பாதி தூரத்தில் எதிரே ஒரு டேங்கர் லாரி வந்தது. அது பாட்டுக்கு அதன் பக்கத்தில்தான் வந்தது. எங்கள் வண்டி லேசாக நடுரோட்டுக்கு நகர்வது போலிருந்தது. எதேச்சையாகப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் மாமாவின் இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன.

பின்னாலிருந்தே கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தேன். ரோட்டை விட்டு இறங்கி, மணலில் புதைந்து, கருவேல முள் புதரில் போய் நின்றோம். லாரி போய்விட்டது. மாமாவுக்கு ஒன்றுமில்லை, எல்லாக் கவசமும் போட்டிருந்தார். எனக்கு முழங்கை முழுக்க முள் கீறல்.

"ரியாக்‌ஷன் டைம் கொஞ்சம் பத்தல மச்சான்" என்றார்.

வழக்கமாக இந்த மாதிரி ஒரு வார்த்தை கிடைத்தால் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டுவேன். அன்றைக்கு வாய் வரவில்லை. நான் உட்கார்ந்த அந்தப் பின் சீட்டில் இன்னும் பத்து நாளில் என் அக்கா உட்காரப் போகிறாள். தெரியாத ஊர், தெரியாத ரோடு. அவளுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டத் தோன்றினாலும், வண்டியே தெரியாத பெண்ணாக நடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அவருக்கும் தெரியாது, அவளும் காட்டமாட்டாள். நடுவில் எல்லாம் தெரிந்த ஒருத்தன் நான், கடலூரில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பேன்.

"மாமா, அக்காகிட்ட சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? உங்க அப்பா கடல்ல போயி கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்த பைக்கு. எங்க அம்மா சொன்னது பொய்யின்னு சொல்றதா? நான் பக்கத்துல ஒக்காந்து ஆமான்னு தலையாட்டுனேன்னு சொல்றதா? இத மொத நாளே சொல்லியிருக்கணும். இப்ப ரெண்டு வருசப் பொய்யி ஆயிடுச்சு மச்சான்."

"அப்ப நான் சொல்றேன்."

"நீ சத்தியம் பண்ணியிருக்க."

"அது பரோட்டாவுக்குப் பண்ண சத்தியம். அக்காவ வெச்சுப் பண்ணல."

புதன்கிழமை அவர் ஸ்கூலில் இருக்கிற நேரம் பார்த்துச் சிதம்பரம் போனேன். அக்கா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டரில் போகிறதற்கென்றே ஒரு மஞ்சள் சுடிதார் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

"அக்கா, தீவுல நீ ஸ்கூட்டர் எடுக்காத. மாமாவுக்கு ஓட்டத் தெரியாது."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"டேய், என் கல்யாணத்தன்னைக்குக் காலைல வந்து மாப்ள ஓடிப்போயிட்டாருன்னு சொன்ன. கண்ணு மையெல்லாம் அழிஞ்சி, திரும்பப் போட்டுக்கினு மேடைக்குப் போனேன். அதே மொகத்த வெச்சிக்கினுதான் இதையும் சொல்ற."

"இது நெஜம்க்கா."

"அதையும் நெஜம்னுதான் சொன்ன."

என்ன சொன்னாலும் நம்பவில்லை. முழங்கையைக் காட்டினேன். ஒர்க்‌ஷாப்பில் எங்கேயாவது இடித்திருப்பாய் என்றாள். இருபத்து மூன்று வருடமாக நான் சேர்த்து வைத்த பேர் அப்படி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உண்மையைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தேழு கிலோமீட்டர் வந்தால், வாங்க ஆள் இல்லை.

பிறகு அவளே குரலை இறக்கிச் சொன்னாள். "அவருக்கு பைக்குன்னா உசுருன்னு அத்தை அன்னைக்கே சொன்னாங்கல்ல. நான் வண்டில ஒக்காரவே பயப்படுவேன்னு அம்மா சொல்லி வெச்சிருச்சி. அத மனசுல வெச்சிக்கினுதான்டா அவரு பைக்கையே தொடறதில்ல. எனக்காக ரெண்டு வருசமா நடக்கறாரு. வெளியில சுகரு அது இதுன்னு சொல்றாரு. எனக்குத் தெரியாதா? அதான் அங்கயாவது ஆசை தீர ஒரு நாள் ஓட்டட்டும்னு நானே கேட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் இருமினேன். அக்கா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

கடைசி ஞாயிறு, மாமா குடிகாட்டில் வண்டியை எடுத்ததும், அக்காவுக்கு போன் பண்ணினேன்.

"மாமா எங்கக்கா?"

"ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருக்காரு."

"ஸ்பெஷல் கிளாஸு குடிகாட்டுல நடக்குது. நாலு வாரமா. ஒரே ஒரு ஸ்டூடண்ட்தான்."

"யாருடா அது?"

"நீயே வந்து பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணினேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. நான் உண்மையைச் சொன்னால் நம்பாதவள், பாதியில் நிறுத்தினால் பறந்து வருவாள் என்று தெரியும்.

மாமாவைப் போய்த் திரும்பி, போய்த் திரும்பி ஓட்டச் சொல்லிவிட்டு, பஸ் வருகிற முனையில், முந்தின நாளே கொண்டு வந்து விட்டிருந்த அப்பாவின் மொபட்டோடு நின்றேன். அக்கா வந்து இறங்கினாள். மொபட்டைத் தள்ளிக்கொண்டு, வளைவைத் தாண்டி உள் ரோட்டுக்கு அவளைக் கூட்டி வந்தேன். ஹேண்ட்பேக்கைக் கல் எடுத்து வைத்திருப்பது போலப் பிடித்திருந்தாள்.

"எவடா அவ?"

"அதோ வருது பாரு."

தொழிற்பேட்டை ரோட்டில் தூரத்திலிருந்து மாமா வந்துகொண்டிருந்தார். இரண்டு காலும் துடுப்பு மாதிரி பக்கத்தில் தொங்க, முழங்கால் கவசத்தோடு, இருபது கிலோமீட்டர் வேகத்தில், நேராக. அக்காவுக்கு முதலில் ஆள் யாரென்று தெரியவில்லை. மாமாவுக்கு அவளைத் தெரிந்துவிட்டது. பயத்தில் வலது கை ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிவிட்டது. "மச்சான்..." என்று ஒரு சத்தத்தோடு வண்டி எங்களைத் தாண்டிப் பறந்தது. அந்த ரோடு கொஞ்ச தூரத்தில் வளைந்து போய், கடலூர்–சிதம்பரம் மெயின் ரோட்டில்தான் சேரும். பஸ் பறக்கிற ரோடு.

நான் ஓடத் தொடங்கியிருந்தேன். பின்னால் மொபட் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. ஹேண்ட்பேக் வந்து என் முதுகில் விழுந்தது. அக்கா சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். இரண்டு வருடம் தொடாத கை மாதிரித் தெரியவில்லை. ஏலத்துக்கு நேரமாகிவிட்ட மாதிரி குனிந்து விரட்டினாள். மாமாவின் பக்கத்தில் போய் ஒட்டினாற்போல் ஓட்டிக்கொண்டே கத்தினாள்.

"முறுக்கறத வுடுங்க! கைய வுடுங்கன்றேன்ல! ஆங்... இப்ப லெஃப்டு பிரேக்கு! மெதுவா! என்னப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க!"

மாமா அப்படியே செய்தார். மெயின் ரோட்டுக்கு முப்பதடி முன்னால் வண்டி நின்றது. அந்த நேரம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு குறுக்கே போனது. மாமா இந்தத் தடவை வண்டியைக் கீழே போடவில்லை. கீழே போட முடியாதபடி அக்கா ஒரு கையால் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தாள்.

நான் மூச்சு வாங்க ஓடிச் சேர்ந்தபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீ வண்டி ஓட்டுவியா?"

"நீங்க ஓட்ட மாட்டீங்களா?"

மாமா ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினார். முகம் நனைந்திருந்தது, வியர்வையா என்னவோ.

"எனக்காகத்தான் நீங்க பைக்கத் தொடலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள் அக்கா.

"ஒனக்காகத் தொடாம இல்ல. ஒனக்காகத்தான் இப்பத் தொட்டேன்" என்றார் மாமா.

இந்த வசனத்தைக் கெடுக்க எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் அக்கா மாமாவை முதலில் முறைத்து, பிறகு என்னை முறைத்து, பிறகு ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. மாமா பக்கத்தில் போய், கவசம் மடங்காததால் காலை நீட்டி உட்கார்ந்து, தண்டவாளம் மாதிரி இரண்டு காலையும் வைத்துக்கொண்டு சேர்ந்து சிரித்தார். டேங்கர் ஓட்டிக்கொண்டு வந்த ஒரு டிரைவர் ஆக்சிடெண்ட் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தார். நான், ஒன்றுமில்லை, குடும்ப விஷயம் என்று கை காட்டி அனுப்பினேன்.

சிரித்து முடித்ததும் மாமா ஒரு திட்டம் சொன்னார். "அப்ப பிரச்சனையே இல்லியே. தீவுல நீ ஓட்டு. நான் பின்னாடி ஒக்காந்துக்கறேன்."

"லைசென்ஸ்?" என்று கேட்டேன்.

அக்காவிடம் லைசென்ஸ் கிடையாது. மீன் கூடைக்கு யார் லைசென்ஸ் கேட்டார்கள்? லைசென்ஸ் வைத்திருக்கிறவருக்கு ஓட்டத் தெரியாது, ஓட்டத் தெரிந்தவளிடம் லைசென்ஸ் இல்லை. கடவுள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்ததில் கணக்கு சரியாகத்தான் இருந்தது, காகிதம்தான் இடம் மாறிவிட்டது.

"என் லைசென்ஸக் காட்டி எடுத்துட்டு, கொஞ்ச தூரம் போயி மாத்திக்கிட்டா?" என்றார் பிசிக்ஸ் வாத்தியார். அக்காவும் ஆசையோடு என் முகத்தைப் பார்த்தாள்.

வாடகைக் கடையில் இருந்த வருடம் இந்தத் தந்திரம் பண்ணின ஒரு ஜோடியை நான் பார்த்திருக்கிறேன். விழுந்தது சின்னதாகத்தான். ஆனால் ஓட்டினது வேறு ஆள் என்று தெரிந்ததும் இன்சூரன்ஸ் கை கழுவிவிட்டது. கையில் கட்டோடு அந்தப் பெண் எங்கள் கடை வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அதுவும் சொந்த நாட்டில், ஊருக்குத் திரும்ப பஸ் கிடைக்கிற இடத்தில்.

"வாணாம் மாமா. சேப்டி இல்ல. ஆட்டோவுல போங்க."

"கிண்டலா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முழங்கையையும் பார்த்தாள். "சரி" என்றாள். இந்தத் தடவை நம்பிவிட்டாள்.

முதுநகரில் அம்மா சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். மூன்று பேர், இரண்டு வண்டி. நான் ஸ்கூட்டரை எடுத்தேன். மாமா இரண்டு வண்டிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் ஹெல்மெட்டைக் கழற்றி அக்காவின் தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பார்த்து, நோட்டில் எழுதியிருந்தபடியே இரண்டு தடவை சரி பார்த்துவிட்டு, மொபட்டில் அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். லைசென்ஸ் இல்லாதவள் ஓட்டுகிறாள் என்பதால் நான் முன்னால் போய் வழியில் போலீஸ் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஆட்டோவில் போங்கள் என்று அறிவுரை சொன்ன அதே ஆள்தான்.

அடுத்த வாரம் தீவிலிருந்து மாமா போன் பண்ணினார். துறைமுகத்தில் ஒரு சிம் வாங்கிப் போட்டாராம். காற்று அடிக்கிற சத்தம், வண்டிச் சத்தம், பின்னால் அக்கா யாரிடமோ ஏதோ சொல்கிற சத்தம்.

"ஆட்டோவுலதான் மச்சான் போறோம். நீ சொன்ன மாதிரியே. வண்டி நல்லா இருக்கு, பிரேக்கும் நல்லா இருக்கு. ஏறறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டேன்."

"ஆட்டோவுக்கு எதுக்கு மாமா போட்டோ?"

"ஒரு ஜாக்கிரதைதான். ஒரே ஒரு பிரச்சனை. டிரைவரு கிளம்புனதுலேருந்து போன் பேசிக்கிட்டே ஓட்டறாரு. ஒரு கையாலதான்."

"அக்கா என்னா பண்றா?"

"போன அவரு கையிலேருந்து புடுங்கிட்டா."

"அய்யோ. அவரு?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு கையாலயும் ஓட்டறாரு இப்ப. லைன்ல இருந்தது அவரு சம்சாரமாம். நம்ம தமிழுதான். உங்க அக்கா அவுங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கா."

போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பியிருப்பார் போல. அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அவரு வண்டி ஓட்டறாரும்மா. நாலு மணிக்கு எங்களக் கப்பல்ல வுட்டதும் பேசுவாரு. அது வரைக்கும் என்னா சேதியோ எங்கிட்ட சொல்லுங்க... ஆங், சொல்லுங்க, கொழந்தைக்கு எப்பலேருந்து காய்ச்சல்?"